பழைய இங்கிலீஷ் இரட்டைக்குழல் துப்பாக்கி: நல்லா சுடுறது எப்படி, ரசிச்சு சுடுறது எப்படி

ஹேரோ_சரவணன்

மக்களே வணக்கம். க்ளே ஷூட்டிங்னு (மெஷின் வீசுற தட்டை பறவை மாதிரி சுடுறது) வந்தாலே எல்லாரும் ஓவர் அண்டர் (ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு குழல்) பத்தியே பேசுறோம், அதனால பழைய இங்கிலீஷ் சைட் பை சைடு (பக்கத்து பக்கத்துல ரெண்டு குழல்) துப்பாக்கிக்குன்னு ஒரு இழை இருக்கட்டும்னு ஆரம்பிக்கிறேன். லண்டன்ல ஹேரோ, வெம்ப்ளி, நார்த்தோல்ட் பக்கம் நம்ம ஆளுங்க இவ்ளோ பேர் இருக்கோம், நார்த்தோல்ட்லயே 1901ல ஆரம்பிச்ச வெஸ்ட் லண்டன் ஷூட்டிங் ஸ்கூல் இருக்கு, நார்த்வுட்ல ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் துப்பாக்கி கம்பெனியோட கிரவுண்டு இருக்கு, இந்த துப்பாக்கியை எப்படி சுடணும்னு சொல்லிக்கொடுக்குற ஆளுங்க வீட்டுக்கு பக்கத்துலயே இருக்காங்க, ஆனா நம்மாளுங்கள்ல பாதி பேருக்கு அது தெரியவே இல்ல.

என்கிட்ட இருக்கிறது 1920கள்ல பர்மிங்காம்ல செஞ்ச 12 போர் (குழலோட அளவு) பாக்ஸ்லாக், அதாவது சுடுற பூட்டு இரும்புப் பெட்டிக்குள்ளயே இருக்கிற வகை. பெரிய பேரெல்லாம் இல்ல, அந்த காலத்துல ஊருக்கு ஊர் இருந்த கடைக்காரங்க பர்மிங்காம்ல செய்ய சொல்லி தங்க பேரை மட்டும் பொறிச்சு வித்தாங்கல்ல, அந்த வகை. 28 இஞ்ச் பேரல், எடை ஆறரை பவுண்டு, ரெண்டு ட்ரிகர், ஸ்ட்ரெய்ட் கிரிப் (வளைவில்லாத நேரான பிடி). உள்ள இருக்கிறது ஆன்சன் அண்ட் டீலி ஆக்‌ஷன், அதாவது பேரலைப் பூட்டி சுட வெக்கிற இயந்திரப் பகுதி. 1875ல வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் துப்பாக்கி கம்பெனில வேலை பாத்த ரெண்டு பேர் பேட்டண்ட் எடுத்தது, பேரல் கீழ சாயுற வேகத்துலயே உள்ள இருக்கிற சுத்தியல் ரெண்டும் ஏறிடும். உலகத்துல இன்னைக்கு வரைக்கும் வந்த பாக்ஸ்லாக் சைட் பை சைடுல பெரும்பாலானது அதோட வாரிசுதான்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். இது கண்ணாடிப் பெட்டியில வெக்கிற பொருள் இல்ல. நாள் முழுக்க கையில தூக்கிட்டு நடக்கவும், பறவை திடீர்னு எழும்பினா யோசிக்காம தோளுக்கு கொண்டு வரவும் செஞ்சது. எட்டு பவுண்டு துப்பாக்கியை சுடுற மாதிரியே இதையும் சுட்டா பிடிபடாது, இதோட போக்குல விட்டீங்கன்னா அவ்ளோ சுகம். பழசுல குறி விழாதுன்னு சொல்றவங்க பாதி பேர் தப்பான தோட்டா, தப்பான ஸ்டாக் (தோள்ல வெக்கிற மரக்கட்டை), தப்பான பிடி இந்த மூணுல ஏதோ ஒண்ணோட சுட்டிருப்பாங்க.

முதல்ல பிடி. இதோட முன்கட்டை ரொம்ப ஒல்லி, அது கை வெக்கிற இடமே இல்ல, பேரலை ஆக்‌ஷனோட பூட்டி வெக்கிறதுக்குத்தான். இடது கை அதுக்கும் முன்னாடி தள்ளி பேரலையே பிடிக்கணும், ஆள்காட்டி விரல் பேரலுக்கு அடியில முன்னாடி நீட்டியிருக்கணும். அப்படி பிடிச்சா நீங்க எங்க கை காட்டுறீங்களோ அங்கயே பேரல் போகும். ஒரு ரவுண்டு முடிஞ்சா பேரல் சூடாகி கையைச் சுடும், தோல்ல செஞ்ச ஹேண்ட் கார்டு கிடைக்குது, வாங்கி மாட்டிக்கோங்க.

மதி_லீட்ஸ்

அருமையான இழை சரவணன் அண்ணா. நான் இத்தாலி ஓவர் அண்டர்ல சுடுறவ, கிளப்ல ஒரு பெரியவர் தன்னோட பழைய பாக்ஸ்லாக்கை சுட்டுப் பாக்க குடுத்தார். தூக்கினப்ப இறகு மாதிரி இருந்துச்சு, ஆனா குறுக்க போற க்ளே எல்லாத்துக்கும் பின்னாடியே போச்சு, அவர் பின்னால நின்னுட்டு பின்னாடி பின்னாடின்னு சொல்லிட்டே இருந்தார். எனக்கு புரியவே இல்ல, என் துப்பாக்கியில அதே ஸ்டாண்ட்ல அதே க்ளே உடையுது. என்ன காரணம்?

ஹேரோ_சரவணன்

மதி, அது எடைதான். உங்க துப்பாக்கி எட்டு பவுண்டு கிட்ட இருக்கும், ஒரு தடவை சுழட்டி விட்டா அதுவே போய்க்கிட்டு இருக்கும். இது லேசு, ட்ரிகரை இழுக்குற நொடியில நீங்க தெரியாம கை நிறுத்தினா அதுவும் உடனே நின்னுடும், ரவை எல்லாம் பின்னாடிதான் போகும். பறவைக்கு பின்னாலருந்து அதோட பாதையிலயே பேரலை ஓட்டிட்டு வாங்க, அதைத் தாண்டும்போது சுடுங்க, சுட்ட பிறகும் கையை ஓட விடுங்க, க்ளே உடைஞ்சு துண்டு கீழ விழுற வரைக்கும் பேரல் நிக்கக் கூடாது.

இன்னொண்ணு, பேரலைப் பாக்காதீங்க. ஓவர் அண்டர்ல ஒத்தை ரிப் (பேரலோட நீளத்துக்கு ஓடுற பட்டை) ஒல்லியா தெரியும், அதை லேசா அளந்து பாத்து சுடுற பழக்கம் வந்துடும். இங்க ரெண்டு பேரலும் அகலமா கண்ணு முன்னாடி கிடக்கு, அதைப் பாத்தா போச்சு. கண்ணு க்ளேயோட முன் விளிம்பு மேலயே இருக்கணும். ராபர்ட் சர்ச்சில் 25 இஞ்ச் பேரல் வெச்சு துப்பாக்கி வித்தவர், அவர் சொல்லிக்கொடுத்த முறையே இதுதான், எவ்ளோ முன்னாடி சுடணும்னு கணக்கு போடாதே, கண்ணு பறவை மேல இருந்தா கை பாத்துக்கும்னு. வெஸ்ட் லண்டன்ல ரொம்ப நாள் கோச்சா இருந்த பெர்சி ஸ்டான்பரி வேற மாதிரி, எந்தப் பக்கம் சுட்டாலும் எடை முன்கால்லயே இருக்கணும்பார், சர்ச்சில் பறவை போற பக்கத்து காலுக்கு எடையை மாத்துவார். எனக்கு ஸ்டான்பரி முறைதான் நல்லா வருது, குறிப்பா தலைக்கு மேல நேரா வர்ற க்ளேக்கு.

பர்மிங்காம்_செல்வி

நான் துப்பாக்கி ரிப்பேர் பண்ற கடையில வேலை பாக்குறேன், அதனால சுடுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியதை சொல்லிடுறேன், யாரும் ஆர்வத்துல ஏலத்துல ஒண்ணை எடுத்துட்டு நேரா கிரவுண்டுக்கு போயிடாதீங்க.

பேரலைக் கழட்டி அடியில இருக்கிற தட்டையான பகுதியைப் பாருங்க, ப்ரூஃப் முத்திரை (பேரல் அழுத்தத்தைத் தாங்குமான்னு சோதிச்சு குத்துறது) எல்லாம் அங்கதான் இருக்கும். இங்க ரெண்டே ப்ரூஃப் ஹவுஸ்தான், லண்டன்ல கன்மேக்கர்ஸ் கம்பெனியோடது, அதுக்கு சாசனம் கிடைச்சது 1637, பர்மிங்காம்ல இருக்கிறது 1813ல பார்லிமெண்ட் சட்டத்துல வந்தது. கிரீடத்துக்கு கீழ என்.பி. இல்லன்னா பி.என்.பி.ன்னு எழுத்து இருந்தா நைட்ரோ பவுடருக்கு (இன்னைக்கு தோட்டால வர்ற புகையில்லாத மருந்து) சோதிச்சதுன்னு அர்த்தம். அது இல்லாம கரும்பவுடர் முத்திரை மட்டும் இருந்தா இன்னைக்கு கடையில வாங்குற தோட்டாவை அதுல போடவே கூடாது. டமாஸ்கஸ் பேரல்னாலே (உலோகப் பட்டையைச் சுத்தி ஒட்டி செஞ்சது) வெடிச்சுடும்னு பயப்படுறாங்க, அப்படி இல்ல, பின்னாடி நைட்ரோ ப்ரூஃப் வாங்கின டமாஸ்கஸும் இருக்கு, முத்திரைதான் பேசணும்.

அடுத்தது போர் அளவு, அதாவது குழலோட உள்விட்டம். 1954 ப்ரூஃப் விதிப்படி முத்திரை அடிச்ச துப்பாக்கியில .729 இஞ்ச்னு குத்தியிருந்தா, பின்பக்கத்துல இருந்து 9 இஞ்ச் உள்ள அளந்து பாக்கும்போது .740 வந்துட்டா அது ப்ரூஃபை விட்டு வெளிய போயிடுச்சு. துருப்பள்ளத்தை எடுக்க உள்ள சுரண்டி சுரண்டி பாலிஷ் போட்டதால பெரிசாகுறது அது. அப்படிப்பட்டதை விக்கிறது சட்டப்படி குத்தம். சுவர் கனம் தனி விஷயம், முத்திரையில இருக்காது, அதுக்குன்னு கேஜ் வெச்சு அளக்கணும், எங்க தொழில்ல 20 தௌக்கு (ஒரு தௌன்னா இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழ போனா யாரும் மனசார வாங்க மாட்டாங்க. போர் சரியா இருந்தும் வெளிப்பக்கம் தேய்ச்சு தேய்ச்சு சுவர் மெலிஞ்சு போன துப்பாக்கிங்க நிறைய வருது.

கையாலயே பாக்குறதும் இருக்கு. முன்கட்டையைக் கழட்டிட்டு, பேரலை ஆக்‌ஷன்ல மாட்டி மூடி, ஸ்டாக்கைப் பிடிச்சு லேசா ஆட்டுங்க, ஆடுச்சுன்னா பேரலும் ஆக்‌ஷனும் சேருற முகம் தளர்ந்து போச்சு, சரி பண்ண காசு ஆகும். அப்புறம் பேரலை மட்டும் எடுத்து அடியில இருக்கிற கொக்கியில ஒரு விரலை மாட்டி தொங்க விட்டு நகத்தால தட்டுங்க. கணீர்னு நீளமா ஒலிச்சா ரிப் நல்லா ஒட்டியிருக்கு, டப்புன்னு செத்த சத்தம் வந்தா எங்கயோ ஈயப்பத்து விட்டிருக்கு. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு உள்ள பாத்தா வளையம் வளையமா தெரியும், எங்கயாவது வளையம் நெளிஞ்சிருந்தா அங்க நசுங்கல். நசுங்கலோட சுடாதீங்க, முதல்ல அதை எடுத்துடணும்.

ஈலிங்_அகிலன்

செல்வி அக்கா, நல்லா விளங்கப்படுத்திறியள். எனக்கு ஒரு சந்தேகம். நான் வாங்கின துவக்கில சேம்பர் (தோட்டா போடுற இடம்) 2½ இஞ்சி, அதாவது 65 மிமீ, எண்டு அடிச்சிருக்கு. கிரவுண்டில ஒரு ஆள் சொன்னார் 70 மிமீ தோட்டாவும் போடலாமாம், தான் வருசக்கணக்கா போடுறாராம், வடிவா உள்ள போகுதாம். உள்ள போகுதெண்டா என்ன பிரச்சினை எண்டு அவர் கேக்கிறார், எனக்கு பதில் சொல்லத் தெரியேல்லை.

பர்மிங்காம்_செல்வி

அகிலன், உள்ள போறதுதான் ஆபத்தே. பெட்டியில போட்டிருக்கிற 70 மிமீங்கிறது சுட்டு வாய் விரிஞ்ச பிறகு இருக்கிற நீளம். சுடுறதுக்கு முன்னாடி வாயை மடிச்சு மூடியிருக்காங்க இல்லையா, அதனால அது குட்டையா இருக்கும், 65 மிமீ சேம்பர்ல எந்த தடையும் இல்லாம உக்காரும். சுட்டதும் அந்த மடிப்பு விரியணும், விரிய இடம் இல்ல, சேம்பர் முடிஞ்சு பேரல் குறுகுற இடத்துக்குள்ள போய் விரியும். அங்க ரவையும் வாடும் (ரவையை மருந்துல இருந்து பிரிக்கிற அடைப்பு) போற வழியை அது இறுக்குறதால அழுத்தம் எகிறும். இவ்ளோ நாள் ஒண்ணும் ஆகலங்கிறது அந்த இரும்பு தாங்கினதுக்கு சாட்சி, அடுத்த தடவையும் தாங்கும்னு உத்தரவாதம் இல்ல.

தோட்டா பெட்டியில 65 மிமீ சேம்பருக்கு ஏத்ததுன்னு எழுதியிருக்கணும். எழுதலைன்னா அந்த பெட்டியை வெச்சுட்டு வேற எடுங்க.

ஹேரோ_சரவணன்

செல்வி சொன்னதோட எடையையும் சேத்துக்கோங்க. பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, துப்பாக்கி எடை ரவை எடையைப் போல 96 மடங்காவது இருக்கணும். ஆறரை பவுண்டு துப்பாக்கிக்கு அது கிட்டத்தட்ட 30 கிராம் வருது, அதுக்கு மேல போட்டா தோள்பட்டை அடி வாங்கும், நூறு வருஷ ஸ்டாக்கும் அடி வாங்கும். நான் க்ளேக்கு 24 கிராம், 28 கிராமோட நிறுத்திக்குவேன். 24 கிராம்ல உடையாத க்ளே 32 கிராம் போட்டாலும் உடையாது, கை சரியா போகலன்னா எத்தனை கிராம் போட்டும் பிரயோஜனம் இல்ல. கிரவுண்டுக்கு கிரவுண்டு ஃபைபர் வாட் மட்டும்தான்னு ரூல் இருக்கும், அதையும் பாத்து வாங்குங்க.

பரத்_ரீடிங்

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோச்சுக்காதீங்க. ஸ்கோர் வேணும்னா ஓவர் அண்டர்தான், மல்டி சோக் (பேரல் வாயோட இறுக்கத்தை மாத்திக்கிறது), எடை, ஒத்தை ட்ரிகர் எல்லாம் சும்மா வரல. போட்டிகள்ல ஜெயிக்கிறவங்க கையில சைட் பை சைடு இல்லவே இல்ல. ரெண்டு ட்ரிகர்ல விரலை மாத்தி மாத்தி வெச்சுட்டு, ஒவ்வொரு தோட்டாவுக்கும் மில்லிமீட்டர் பாத்துட்டு, இவ்ளோ கஷ்டம் எதுக்கு?

ஹேரோ_சரவணன்

பரத், போட்டிக்கு நீங்க சொல்றது முழுக்க சரி, நான் அதுல வாதமே பண்ண மாட்டேன். ஓவர் அண்டரையே இங்கிலீஷ்காரன் நல்லா செஞ்சான், லண்டன் பாஸ் கடை 1909லயே செஞ்சிடுச்சு. ஆனா ரெண்டு ட்ரிகரை குறைன்னு சொல்றதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். முன் ட்ரிகர் வலது பேரல், சோக் குறைவு, பின் ட்ரிகர் இடது பேரல், சோக் கூட. பக்கத்துல எழும்பி தூர போற க்ளேயா, முன்னாடி இழுத்துட்டு பின்னாடி. தூரத்துல இருந்து நம்மை நோக்கி வர்றதா, பின் ட்ரிகரை முதல்ல இழுத்து தூரத்துலயே அடிச்சுட்டு, தப்பினா கிட்ட வரும்போது முன் ட்ரிகர். எந்த பட்டனையும் தள்ள வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம், அந்த நொடியிலயே எந்த சோக் வேணுமோ அது விரல்ல இருக்கு. விரலை மட்டும் தூக்கி மாத்தாதீங்க, கை முழுசும் ஸ்ட்ரெய்ட் கிரிப்ல துளி பின்னாடி நழுவணும், அதுக்குத்தான் அங்க பிஸ்டல் கிரிப் வெக்கல. பழகின பிறகு எனக்கு ஒத்தை ட்ரிகர்ல ஏதோ குறையுற மாதிரி இருக்கு.

கஷ்டம்னு சொன்னீங்க. எனக்கு அது கஷ்டமா தெரியல. நூறு வருஷம் முன்னாடி ஒருத்தன் கையால அரத்தை வெச்சு ராவி ராவி பொருத்தின பூட்டு இன்னைக்கும் விளக்குக் கரி தடவிப் பாத்தா முழுசும் ஒட்டுது. அதுல சுட்டு ஒரு க்ளே பொடியாகுறப்போ வர்ற சந்தோஷம் எனக்கு ஸ்கோர் கார்டுல கிடைக்கல.

ஈலிங்_அகிலன்

பரத் தம்பி, காசும் யோசியுங்கோ. பெயர் பெற்ற லண்டன் சைட்லாக் (பூட்டு பக்கத் தகட்டில இருக்கிறது) எண்டா எட்டிப் பாக்கேலாது, ஆனா பேர் தெரியாத பர்மிங்காம் பாக்ஸ்லாக், சுட்ட தோட்டாவைத் தானா வெளியில தள்ளுற எஜெக்டர் இல்லாதது, சில நூறு பவுண்டுக்கு இண்டைக்கும் கிடைக்குது. துவக்கு வைச்சிருக்கிறதுக்கான சர்டிபிகேட் எடுக்கிற செலவு 2025ல 194 பவுண்டுக்கு ஏறிட்டுது, அதோட பாக்கேக்க துவக்கு மலிவு எண்டுதான் சொல்லோணும்.

நான் ஸ்டாக் அளவு பாக்கப் போன கதையையும் சொல்லோணும், ஆக்களுக்கு உதவும். எனக்கு கை நீளம், கழுத்தும் நீளம். கோச் என்னை 16 யார் தூரத்தில நிக்க வைச்சு வெள்ளை அடிச்ச இரும்புத் தகட்டின்ரை நடுப்புள்ளியைப் பாத்து துவக்கை தூக்கி உடனே சுடச் சொன்னார், குறி பாக்கக் கூடாது எண்டு கண்டிப்பு. நாலைஞ்சு வெடி அதே தகட்டில. ரவை பட்ட கறுப்பு எல்லாம் ஒரே இடத்தில, ஆனா புள்ளிக்கு இடது பக்கம் நாலு இஞ்சி தள்ளி. அந்தத் தூரத்தில தகட்டில ஒரு இஞ்சி தள்ளினா ஸ்டாக்கில பதினாறில ஒரு பங்கு இஞ்சி மாத்தோணுமாம், அப்ப எனக்கு கால் இஞ்சி கூட காஸ்ட் (ஸ்டாக் பக்கவாட்டில வளையிற அளவு) வேணும். ஸ்டாக்கின்ரை கழுத்தை சூடாக்கி வளைச்சுக் குடுத்தவை, வால்நட் மரம் அதுக்கு இணங்கும், ஆனா பழைய மரத்தில வெடிப்பு இருந்தா செய்யமாட்டினம். நீளத்துக்கு ஸ்டாக்கின்ரை பின்னால ஒரு பாட் (மெத்தை) வைச்சது. அதுக்குப் பிறகு அதே துவக்கு, நான் பாக்கிற இடத்தில சுடுது.

மதி_லீட்ஸ்

அகிலன் அண்ணா, இது எனக்கு கண்ணு திறந்த மாதிரி இருக்கு. எனக்கு அந்த பெரியவர் துப்பாக்கி நீளமா இருந்துச்சு, தூக்கும்போது கைக்குழியில மாட்டிக்கும். அப்போ நான் பின்னாடி சுட்டதுல அதுக்கும் பங்கு இருக்கா?

ஹேரோ_சரவணன்

கண்டிப்பா இருக்கு மதி. மாட்டிக்கிட்டா தோளுக்கு வர லேட்டாகும், லேட்டானதை ஈடுகட்ட பறவையைத் துரத்துவீங்க, பிடிச்சதும் கை நின்னுடும். வீட்டுல தினமும் கொஞ்ச நேரம், துப்பாக்கி காலியான்னு ரெண்டு தடவை பாத்துட்டு, ஸ்னாப் கேப் (மருந்தில்லாத பயிற்சித் தோட்டா) போட்டு, சுவரும் கூரையும் சேருற கோட்டுல பேரல் முனையை ஓட்டிட்டே தோளுக்கு கொண்டு வந்து பழகுங்க. ஸ்டாக் கன்னத்துக்கு வரணும், கன்னம் ஸ்டாக்கைத் தேடி கீழ போகக் கூடாது.

பரத்_ரீடிங்

சரி, ஈய ரவைக்குத் தடை வந்தா என்ன பண்ணுவீங்க? 2025 ஜூலைல அரசாங்கம் அறிவிச்சாச்சு, மூணு வருஷ அவகாசம்தான். அப்புறம் இந்த துப்பாக்கி எல்லாம் சுவர்ல மாட்டுற சாமானா ஆகிடாதா?

பர்மிங்காம்_செல்வி

ஆகாது. கடையில தினமும் இந்தக் கேள்விதான் வருது. ஸ்டீல் ரவை ரொம்ப கடினம், பழைய மெல்லிசு பேரல், இறுக்கமான சோக்ல அதைப் போட்டு வீங்க வெச்சுட்டு வராதீங்க. உங்க துப்பாக்கிக்கு ஸ்டாண்டர்ட் ஸ்டீல் ஒத்து வருமான்னு சேம்பர், சோக், சுவர் மூணையும் அளந்து பாத்த ஒரு கன்ஸ்மித் சொல்லணும், நெட்ல படிச்சுட்டு முடிவு பண்ணாதீங்க. பழைய துப்பாக்கிக்கு பொருத்தமானது பிஸ்மத், 65 மிமீலயே கிடைக்குது, ஈயம் மாதிரியே மென்மையா பேரலை விட்டு வெளிய போகும். அடர்த்தி ஈயத்துக்கு 11.3, பிஸ்மத் ரவைக்கு 9.6 கிட்ட, ஸ்டீலுக்கு 7.8, அதனால பிஸ்மத்துல ஒரு சைஸ் பெரிய ரவை எடுத்துக்கணும். விலை கூடத்தான், அதை மறைக்கல. க்ளேக்கு நூறு நூறா சுடுறவங்களுக்கு அது வலிக்கும். அந்த வேதனை நியாயமானது. ஆனா நீர்ப்பறவைங்க ஈய ரவையை கல்லுன்னு நினைச்சு முழுங்கி சாகுறதும் உண்மை, இங்கிலாந்துல 1999ல இருந்தே அதுங்களுக்கு ஈயம் கூடாது. நான் தடை பக்கம்தான்.

கொங்கு_வேலு

கோயமுத்தூர்ல இருந்துங்க. தாத்தா எஸ்டேட்ல இருந்த இங்கிலீஷ் இரட்டைக்குழல் ஒண்ணு லைசென்ஸோட அப்பாகிட்ட வந்து இப்ப என் பேர்ல இருக்குதுங்க. சுட்டே பல வருஷம் ஆச்சு. 1972 வனவிலங்கு சட்டத்துக்கு அப்புறம் வேட்டை கிடையாது, அது சரிதானுங்க, எனக்கு அந்த ஆசையும் இல்ல. கிளப் ரேஞ்சுல சுடலாம்னு பாக்குறேன். என்ன பாக்கணுமுங்க?

பர்மிங்காம்_செல்வி

வேலு சார், மேல சொன்ன அதே சோதனைதான், முக்கியமா சேம்பர் நீளமும் நைட்ரோ முத்திரையும். உங்க ஊர் ஈரத்துல பல வருஷம் கிடந்ததுன்னா சேம்பர் முன்னாடியும் பேரல் வாய்லயும் துருப்பள்ளம் இருக்கும், லைசென்ஸ் உள்ள ரிப்பேர் கடையில காட்டி அளந்த பிறகு சுடுங்க. ஸ்டாக் ஆக்‌ஷனை சந்திக்கிற இடத்துல மரம் கறுத்து எண்ணெய் ஊறியிருக்கான்னு பாருங்க. நிமித்தி வெச்ச துப்பாக்கியில எண்ணெய் எல்லாம் வழிஞ்சு அந்த மரத்துக்குள்ளதான் இறங்கும், மரம் மிருதுவாகி ஒரு நாள் வெடிக்கும். சுத்தம் பண்ணி எண்ணெய் போட்டதும் பேரல் வாய் கீழ பாத்த மாதிரி ஒரு துணி மேல நிறுத்தி வெச்சுட்டு, அதுக்கப்புறம் அலமாரில வைங்க.

ஹேரோ_சரவணன்

மூடுறதையும் சொல்லிடணும் செல்வி. கிரவுண்டுல நிறைய பேர் பேரலை டமார்னு மேல தூக்கி அடிச்சு மூடுறாங்க, பாக்கவே நெஞ்சு பதறுது. பேரல் கீழ பாத்தபடியே இருக்கட்டும், ஸ்டாக்கை மேல தூக்கி மெதுவா மூடுங்க, வாயும் பத்திரமா தரையைப் பாத்திருக்கும், கொக்கியும் தேயாது. லண்டன் பர்டே கம்பெனியோட பீஸ்லி ஆக்‌ஷன் மாதிரி 1880ல வந்த சிலதுல மூடும்போதுதான் ஸ்பிரிங் இறுகும், அது கொஞ்சம் பலம் கேக்கும், கெட்டுப்போச்சுன்னு நினைச்சுடாதீங்க.

மதி_லீட்ஸ்

அந்த பெரியவர் தன்னோடதை விக்கப் போறாராம், என்கிட்டதான் முதல்ல கேட்டார். எஜெக்டர் இல்ல, 28 இஞ்ச், வலது பேரல் சோக் இம்ப்ரூவ்ட் சிலிண்டர் (லேசானது), இடது ஹாஃப் (அதைவிட இறுக்கம்). சர்டிபிகேட் என்கிட்ட இருக்கு. எனக்கு இது ரொம்ப பிடிச்சிருக்கு, வாங்கலாமா?

பர்மிங்காம்_செல்வி

சோக் அளவு உனக்கு சரியா இருக்கு. பேரலைக் கழட்டி அடியில இருக்கிற முத்திரையை நல்ல வெளிச்சத்துல, பக்கவாட்டுல இருந்து ஒரு படம் எடுத்து இங்க போடு மதி, எந்த விதிப்படி அடிச்சது, என்ன சேம்பர்னு பாத்து சொல்றேன். சுவர் கனத்தை அளக்காம காசு குடுக்காத. அது சரியா வந்தா ஸ்டாக்கை உன் அளவுக்கு குறைக்கிறது பெரிய வேலை இல்ல, ஆனா வெட்டின துண்டை தூக்கிப் போட வேண்டாம்னு கடையில சொல்லி வாங்கி வெச்சுக்கோ, பின்னாடி வர்றவங்களுக்கு நீளம் தேவைப்பட்டா அதே மரம் கையில இருக்கும்.

மதி_லீட்ஸ்

சரி அக்கா, சனிக்கிழமை கிளப்புக்கு போறேன், படம் போடுறேன். சரவணன் அண்ணா, 65 மிமீல 24 கிராம் ஃபைபர் எந்த ரவை சைஸ் எடுக்கட்டும்?

ஹேரோ_சரவணன்

ஏழரை எடு. கிட்ட வர்ற க்ளேதான் அதிகம்னா எட்டு.